கையா, கரண்டியா, குச்சியா?

கடந்த ஆண்டு ஒரு போட்டிக்காக எங்கள் பள்ளி மாணவர்கள் நால்வரை வெளியூருக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மதிய உணவு ஒரு பெரிய கூடத்தில். வெள்ளைத் துணி விரித்த வட்ட மேசைகள்; தட்டின் ஒரு பக்கம் ஸ்பூன், மறுபக்கம் முள்கரண்டி. ஆனால் தட்டில் விழுந்தது நாம் அன்றாடம் சாப்பிடும் சாம்பார் சாதமும் பொரியலும் அப்பளமும்தான். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வழக்கம்போல் கையால் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் குனிந்து அவள் காதில், “ஸ்பூன்ல சாப்பிடு பாப்பா, எல்லாரும் பாக்குறாங்க” என்றேன்.

அவள் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். ஸ்பூனில் இரண்டு வாய் சாப்பிட்டாள். அப்பளத்தை முள்கரண்டியால் குத்தினாள். அது நொறுங்கித் தரையில் சிதறியது. “போதும் டீச்சர், பசிக்கல” என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். திரும்பும் வழியில் பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் வாங்கிக் கொடுத்த நான்கு இட்லியையும் ஒரு சொட்டுச் சட்னி மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். பசி இல்லாமல் இல்லை.

சிரித்த பிள்ளைகள் மீது எனக்கு வருத்தமில்லை. அவர்கள் குழந்தைகள். “எல்லாரும் பாக்குறாங்க” என்று சொன்னவள் நான். ஸ்பூன் பிடிக்கக் கற்றுக்கொடுக்காமல், கையால் சாப்பிடுவது வெட்கப்பட வேண்டியது என்பதை மட்டும் ஒரு வாக்கியத்தில் கற்றுக்கொடுத்துவிட்டேன். அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தபோதுதான், உணவுக் கருவிகளைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியாது என்பது புரிந்தது. படித்ததையும் வகுப்பில் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நம் மாவட்டங்களுக்கு இது தூரத்து விஷயமும் அல்ல. சர்க்கரை ஆலைக்குப் பெயர்பெற்ற எறையூரில் இப்போது காலணித் தொழிற்பூங்கா இருக்கிறது. ஜெயங்கொண்டத்தில் தைவான் நாட்டுக் காலணி நிறுவனம் ஒன்றின் தொழிற்சாலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. நம் மாணவர்களின் அக்காமார்களும் அம்மாமார்களும் இத்தகைய ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் காலம் இது. அங்கே சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்து கையால் பிசைவார். இன்னொருவர் இரண்டு குச்சிகளால் நூடுல்ஸை எடுப்பார். ஒருவரையொருவர் பார்த்து வியக்கலாம், விசாரிக்கலாம், கேலியும் செய்யலாம். எதைச் செய்வது என்பதை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே கற்றுக்கொண்டு போவது நல்லது.

வெட்டுவது அடுப்படியிலா, மேசையிலா?

கை, குச்சி, கத்தி–முள்கரண்டி ஆகிய மூன்றையும் நாகரிகத்தின் படிகளாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். கை கீழ்ப்படி, முள்கரண்டி மேல்படி. ஆனால் அடுப்படியை எட்டிப் பார்த்தால் இந்த வரிசை கலைந்துவிடும்.

ஐரோப்பியச் சமையலில் இறைச்சி பெரிய துண்டாக வெந்து, அப்படியே மேசைக்கு வரும். உண்பவரே அதை அறுத்துச் சாப்பிட வேண்டும். அறுக்கக் கத்தி வேண்டும். அறுக்கும்போது நழுவாமல் பிடிக்க முள்கரண்டி வேண்டும். சீனச் சமையலில் காயும் கறியும் அடுப்படியிலேயே சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டுவிடுகின்றன. சிறு துண்டு சீக்கிரம் வெந்துவிடும் என்பதால் விறகு மிச்சமாகும். இப்பழக்கத்துக்கு அதுவே காரணம் என்று உணவு வரலாறு எழுதுவோர் பலர் சொல்கிறார்கள். துண்டு சிறியதானால் மேசையில் கத்திக்கு வேலையில்லை. எடுத்து வாயில் வைக்க ஓர் இடுக்கி போதும். அந்த இடுக்கிதான் சாப்ஸ்டிக் எனப்படும் குச்சிகள்.

இப்போது நம் வீட்டைப் பாருங்கள். அருவாமனையில் கத்தரிக்காயும் வெங்காயமும் முன்கூட்டியே நறுக்கப்படுகின்றன. மீனும் கறியும் துண்டு போட்டே குழம்பில் விழுகின்றன. இலையில் கத்திக்கு என்ன வேலை? இந்த வகையில் கையால் உண்ணும் நாமும் குச்சியால் உண்ணும் சீனரும் ஒரே கட்சி. கத்தியைச் சமையலறையிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் நாம்.

முள்கரண்டி ஐரோப்பாவுக்கே புதிதாக வந்த பொருள்தான் என்பது மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் கோரியட் என்ற பயணி 1608-இல் இத்தாலி போனார். அங்கே மக்கள் இறைச்சியை விரலால் தொடாமல் முள்கரண்டியால் பிடித்து அறுப்பதைப் பார்த்துத் தாமும் பழகிக்கொண்டார். 1611-இல் வெளியான தம் பயணநூலில் அதை விவரித்து, ஊர் திரும்பிய பிறகும் முள்கரண்டி பிடித்ததற்காக நண்பர் ஒருவர் தம்மைக் கேலி செய்ததாகவும் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஒரு கையில் கத்தி பிடித்தாலும் மறுகை விரல்களால்தான் உண்டார்கள். ஐந்தாம் வகுப்பில் இதைச் சொன்னபோது, “அப்ப அவரைப் பாத்தும் சிரிச்சாங்களா டீச்சர்?” என்று ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று சொல்லத் தேவையில்லை. இந்தக் கோரியட் பின்னாளில் பெருந்தூரத்தை நடந்தே கடந்து இந்தியாவுக்கு வந்து, 1617-இல் சூரத்தில் இறந்தார் என்பது ஓர் உபரிச் செய்தி. உலக வரைபடத்தை விரிக்க இது நல்ல சாக்கு.

சோறுதான் தீர்மானிக்கிறது

குச்சிகளின் வரலாறு இன்னும் பழையது. சீனாவின் அன்யாங் அருகே, ஷாங் அரசர்களின் தலைநகரம் இருந்த இடத்தில், 3,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட வெண்கலக் குச்சிகள் கிடைத்துள்ளன. அவை முதலில் கொதிக்கும் பாத்திரத்திலிருந்து உணவை எடுக்கவே பயன்பட்டிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அப்போது வட சீனாவின் முக்கியத் தானியம் அரிசி அல்ல, தினை வகைகள். அதைக் கரண்டியால்தான் உண்டார்கள். பழைய சீன ஒழுக்கநூல் ஒன்று தினைச் சோற்றுக்குக் குச்சியைப் பயன்படுத்தக் கூடாது என்றே விதிக்கிறது. நூடுல்ஸ் போன்ற மாவுப் பண்டங்களும் அரிசிச் சோறும் பரவிய பிறகே குச்சி முன்னுக்கு வந்தது.

அப்படியானால் அரிசி உண்ணும் நாம் ஏன் குச்சிக்குப் போகவில்லை? விடை அரிசிக்குள் இருக்கிறது. அரிசி மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரண்டு பகுதிகள் உண்டு. ஜப்பான், கொரியா, சீனாவின் பல பகுதிகளில் உண்ணப்படும் குட்டையரிசியில் அமைலோஸ் குறைவு. அது வெந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக நிற்கும். குச்சியால் ஒரு கவளத்தை எடுக்கலாம். நம் பொன்னியும் பொது விநியோகத் திட்ட அரிசியும் அமைலோஸ் கூடிய வகைகள். கஞ்சி வடித்தால் பருக்கை பருக்கையாக உதிரும். அதன் மேல் குழம்பையும் ஊற்றிவிட்டால் குச்சிக்குப் பிடி கிடைக்காது. பிசைந்து, உருட்டி, வாய்க்குள் தள்ள விரல்தான் சரியான கருவி. சூடு எவ்வளவு, மீனில் முள் இருக்கிறதா என்பதை வாய்க்கு முன்பே அறிவதும் விரல்தான்.

தாய்லாந்து இதற்கு அழகான சான்று. அங்கே உதிரியான சோற்றை ஸ்பூனாலும் முள்கரண்டியாலும் உண்கிறார்கள். முள்கரண்டி உணவை ஸ்பூனுக்குள் தள்ளுவதற்கு மட்டுமே. சோற்றை அதனால் எடுத்து வாயில் வைப்பது மரியாதைக் குறைவு. ஒட்டும் அரிசியைக் கையால் உருட்டி உண்கிறார்கள். நூடுல்ஸுக்குக் குச்சி எடுக்கிறார்கள். ஒரே நாடு, மூன்று முறை; எது தட்டில் இருக்கிறதோ அதற்கேற்ற கருவி. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களும் இப்படித்தான். வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கை, மீ கோரெங்குக்கு முள்கரண்டியும் ஸ்பூனும்.

குச்சி பிடிப்போரிடையிலும் வேறுபாடுகள் உண்டு. சீனக் குச்சி நீளமானது, நுனி மழுங்கியது. நடுவில் வைத்த பொதுப் பாத்திரத்திலிருந்து எட்டி எடுக்க வேண்டுமே. ஜப்பானியக் குச்சி குட்டையானது, நுனி கூர்மையானது. கொரியர்கள் உலோகக் குச்சியுடன் நீண்ட கைப்பிடிக் கரண்டியையும் வைத்திருப்பார்கள். சோற்றையும் சாறையும் கரண்டியால் உண்பார்கள். ஜப்பானில் கிண்ணத்தைக் கையில் தூக்கிக்கொண்டு உண்பது முறை. கொரியாவில் அப்படித் தூக்குவது முறையல்ல. பக்கத்துப் பக்கத்து நாடுகள்தாம்.

இருபது ஜோடிக் குச்சிகள்

படித்ததை வகுப்பில் செய்து பார்க்க வேண்டுமே. அரும்பாவூரில் இருந்துகொண்டு குச்சிக்குக் கடை தேடுவது வெட்கக்கேடு. இவ்வூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் மாணவர் ஒருவரின் அப்பா மரச்சிற்பக் கைவினைஞர். விஷயத்தைச் சொன்னதும், வேலையில் மிஞ்சிய மாமரத் துண்டுகளைச் சீவி இருபது ஜோடி செய்து கொடுத்தார். 20 செ.மீ. நீளம், நுனி மழுக்கியது. வார்னிஷ் வேண்டாம் என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டேன். முதலில் செய்த இரண்டு ஜோடிகள் கையில் பிடித்ததும் முறிந்தன. “நார் ஓட்டம் குறுக்க விழுந்துடுச்சு டீச்சர், நீளவாக்குல எடுக்கணும்” என்று அவரே காரணம் சொன்னார். அவரை வகுப்புக்கு அழைத்து அதே விளக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வைத்தேன். மரத்தின் நாரைப் பற்றி நான் நடத்தும் பாடத்தைவிட அது நன்றாக இருந்தது.

பிடிக்கும் முறை எளிது. கீழ்க் குச்சி அசையக் கூடாது. அது கட்டைவிரலின் அடியில் படுத்து மோதிரவிரலின் மேல் சாய்ந்திருக்கும். மேல் குச்சியைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பென்சில் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும். அசைவது அது மட்டும்தான். பென்சிலை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இங்கும் அதே சிக்கல் வருகிறது என்பதைக் கவனித்தேன். தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இதை முயன்று பார்க்கலாம். உயர் வகுப்பு அறிவியல் ஆசிரியருக்கு இது மூன்றாம் வகை நெம்புகோல்: ஒரு முனையில் ஆதாரம், நடுவில் விரல் தரும் விசை, மறுமுனையில் பளு. நுனியில் விசை குறையும். ஆனால் விரலின் சிறு அசைவு நுனியில் பெரிய அசைவாகும்.

நான்கு தட்டுகளில் கொண்டைக்கடலைச் சுண்டல், சேமியா உப்புமா, குழைந்த பொங்கல், சாம்பார் ஊற்றிய சோறு வைத்தோம். கை, ஸ்பூன், குச்சி மூன்றாலும் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, எளிது, சுமார், முடியவில்லை என்று குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும். சுண்டலில் குச்சி சிரமப்படுத்தியது, உருண்டு ஓடியது. சேமியாவில் குச்சிக்கு முதலிடம். பொங்கல் கட்டியாக வந்தபோது வகுப்பே கைதட்டியது. சாம்பார் சோற்றில் குச்சிக்கு இருபது பேரும் “முடியவில்லை” என்று எழுதினார்கள். கிண்ணத்தை வாயருகே கொண்டுபோய்க் குச்சியால் தள்ளலாமே என்று ஒரு பையன் கேட்டான். சீனர்களும் ஜப்பானியரும் செய்வது அதைத்தான். யாரும் சொல்லாமலே அவனுக்குத் தோன்றிவிட்டது. தட்டையான தட்டில் அது முடியாது என்பதையும் அவனே கண்டுபிடித்து மேசையைத் துடைத்தான்.

எச்சிலும் மரியாதையும்

கருவி எதுவானாலும் எல்லாச் சமூகங்களும் கவலைப்படும் சில செய்திகள் ஒன்றுதான். நம் வீட்டில் சாப்பிடும் கையைப் பொதுப் பாத்திரத்தில் விடக் கூடாது, அது எச்சில். பரிமாறக் கரண்டி தனி. சீனாவில் உண்ணும் குச்சியாலேயே பொதுப் பாத்திரத்தில் எடுப்பது பழைய வழக்கம். 2003-இல் சார்ஸ் பரவியபோதும் 2020-இல் கொரோனா பரவியபோதும், பரிமாறத் தனிக் குச்சி வையுங்கள் என்று அங்கே பரப்புரை நடந்தது. நம் எச்சில் கணக்கு அவர்களுக்கும் வந்துசேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நட்டு வைப்பது அங்கே பெரும் தவறு; இறந்தவர் முன் ஏற்றும் ஊதுவத்தியை அது நினைவூட்டும். சாப்பிட்டு முடித்த இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று நம் பெரியவர்கள் பார்ப்பதை அறிந்த பிள்ளைகளுக்கு இது உடனே புரிகிறது.

சாப்பாட்டு முறையை வைத்துப் பள்ளி ஒரு குழந்தையை எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் ஒரு நிகழ்வு உண்டு. 2006-இல் மாண்ட்ரியல் பகுதிப் பள்ளி ஒன்றில் பிலிப்பைன்ஸ் வம்சாவளிச் சிறுவன் ஒருவன், தன் வீட்டு வழக்கப்படி முள்கரண்டியால் உணவை ஸ்பூனில் தள்ளிச் சாப்பிட்டதற்காகக் கண்டிக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. மணிலாவில் கனடா தூதரகத்தின் முன் போராட்டம் நடக்கும் அளவுக்கு அது பெரிதாகி, மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போனது. கவனியுங்கள், அவன் கையால்கூடச் சாப்பிடவில்லை. ஸ்பூனும் முள்கரண்டியும் பிடித்தும் “சரியாக” இல்லாமல் போய்விட்டது. மேல்படி என்று நாம் நினைக்கும் இடத்துக்கு ஏறினாலும், அதற்கு மேல் இன்னொருவர் நின்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

அதற்காக ஸ்பூன் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பாயசம் பரிமாறும்போதும், விடுதியில் மேசைமுன் உட்காரும்போதும் நம் பிள்ளை தடுமாறக் கூடாது. ஸ்பூன் வலக்கையில், முள்கரண்டி இடக்கையில், முள்கரண்டியின் வேலை தள்ளுவது. ஒரு பாடவேளையில் பழக்கிவிடலாம். அப்பளத்தைக் குத்தக் கூடாது, கையால் எடுத்துக் கடிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

காலை உணவு, சத்துணவு நேரங்களில் நாம் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கையால் உண்பது தூய்மையற்றது என்ற பேச்சுக்கு விடை சோப்பில் இருக்கிறது. அலசாத ஸ்பூனைவிட நன்றாகக் கழுவிய கை மேல். ஆனால் வரிசையில் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கும் தண்ணீரும் சோப்பும் கிடைத்தால்தான் அந்த வாதம் நிற்கும்; எங்கள் பள்ளியில் அது எப்போதும் நிற்கிறது என்று சொல்ல மாட்டேன். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையைச் சாப்பாட்டு நேரத்தில் அதட்டாதீர்கள். அவர்களுக்கு வலக்கையால் பிசைவதுதான் கடினம்; இடக்கையில் ஸ்பூன் கொடுத்தால் யாருக்கும் உறுத்தலில்லாமல் முடிந்துவிடும். மூளை முடக்குவாதத்தால் விரல் மடங்காத குழந்தைக்கு ஸ்பூன் கைப்பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தால் பிடிப்பு வரும்; உங்கள் ஒன்றியத்தின் சிறப்பாசிரியரிடம் கேட்டால் அந்தக் குழந்தைக்கு ஏற்றதைச் சொல்வார். அங்கே ஸ்பூன் நாகரிகத்தின் அடையாளம் அல்ல, தானே உண்ணும் உரிமை.

ஆண்டுவிழாவுக்கு நெகிழி ஸ்பூன் வாங்கும் பழக்கத்தையும் விட வேண்டியிருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழி ஸ்பூன், முள்கரண்டி, கத்தி ஆகியவை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. மரமென்றால் கேடில்லை என்றும் நினைக்க வேண்டாம். தூக்கியெறியும் மரக்குச்சிகளால் காடழிகிறது என்ற கவலையில் சீன அரசு 2006-இல் அவற்றின் மீது 5 சதவீத வரி விதித்தது. கழுவித் திரும்பப் பயன்படுத்தும் எவர்சில்வர் ஸ்பூனே நமக்குப் போதும். கை இருக்கவே இருக்கிறது.

இந்த ஆண்டும் போட்டிக்குப் போனோம். அந்த மாணவி இப்போது ஆறாம் வகுப்பு. மேசையில் அதே ஸ்பூன், முள்கரண்டி. சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டு, கை கழுவி வந்து, குலாப்ஜாமுனை ஸ்பூனால் இரண்டாக வெட்டி எனக்கு ஒரு பாதி நீட்டினாள். நான் எதுவும் சொல்லவில்லை, வாங்கிச் சாப்பிட்டேன்.

குச்சிகள் இப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கின்றன. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, இடமதிப்புச் சொல்லிக்கொடுக்கிறார் வகுப்பாசிரியர். இருபது ஜோடியில் ஒரு குச்சி காணாமல் போய்விட்டதால், முப்பத்தொன்பதோடு எத்தனை சேர்த்தால் நாற்பது என்பது அங்கே அன்றாடக் கேள்வியாகிவிட்டது.